பயில்வோர் மருத்துவமும் பொதுக் காப்புறுதியும்

உடல்நோய்க்கு மருந்தும் கத்தியும் கருவிகள். உளநோய்க்கோ பேச்சும் முதன்மையானதொரு கருவி. அக்கருவியைக் கையாளப் பயில்வோர், தேர்ந்தவரின் மேற்பார்வையில் நோயாளியின் எதிரே அமர்ந்துதான் பயில வேண்டும். அவ்வாறு அமரும் நேரத்திற்குச் செலவு ஏற்பவர் யார்? இவ்வினாவிற்குப் பினாங்கு ஒரு விடையும், செருமனி மற்றொரு விடையும் அளித்துள்ளன.

1911-இல் ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. நாளடைவில் அவ்வூர்ப் பெயரே ஏச்சுச் சொல்லாயிற்று. 1958-இல் பினாங்குப் பொது மருத்துவமனையிலேயே மனநோய்ப் பிரிவு ஏற்பட்டது. நாட்டின் பொது மருத்துவமனைகளில் இத்தகைய பிரிவு அமைந்தது அதுவே முதன்முறை. ஊரைவிட்டு ஒதுக்கப்பட்ட நோய், பிற நோய்களோடு ஒரே வாயில் வழியே நுழைந்தது.

அரசு மருத்துவமனையின் செலவை வரிப்பணம் தாங்குகிறது. குடிமக்கள் வெளிநோயாளர் பிரிவில் 1 ரிங்கிட்டும், நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட்டும் செலுத்துகின்றனர். பார்ப்பவர் நிபுணரா, அவர்கீழ்ப் பயிலும் மருத்துவரா என்று கட்டணச்சீட்டு வினவுவதில்லை. அந்நாளில் தோட்ட மருத்துவமனையில் டிரெசர், வந்துசெல்லும் மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனித்ததும் ஏறத்தாழ இம்முறையே.

காப்புறுதி முறையிலோ, ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிமம் பெற்ற ஒருவரின் பெயர் வேண்டும். பயில்வோர்க்கு அங்கே இடமேது? செருமனியில் நோய்க் காப்புறுதிச் சட்டம் 1883-இல் பிறந்தது. 1920-இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையத்தில், பயில்வோர் மேற்பார்வையின்கீழ் ஏழைகளுக்கும் சிகிச்சை அளித்தனர். 1967-இல் உளச்சிகிச்சை பொதுக் காப்புறுதிக்குள் வந்தது. 1999-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ், பயிற்சி நிலையங்களில் பயில்வோர் அளிக்கும் சிகிச்சைக்கும் காப்புறுதி நிதி பணம் தந்தது. அப்பணம் பயில்வோரிடம் அன்று, பொறுப்பேற்ற நிலையத்திடமே சென்றது. பயில்வோர்க்குப் போதிய ஊதியமில்லை என்ற குறை நெடுநாள் நீடித்தது. 2020 முதல் பயிற்சி முறையே மாற்றியமைக்கப்பட்டது.

மலேசியாவில் தேசியச் சுகாதாரக் காப்புறுதி இல்லை. எனினும் 2023-இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, நிதிமுறைச் சீர்திருத்தத்தையும் பேசுகிறது. ஆலோசகர் தொழிலை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்கு உட்படுத்தியுள்ளது. நாளை ஒரு பொது நிதி அமையுமாயின், பதிவு பெற்றவரின் பணிக்கு மட்டுமே பணம் தருவது எளிய விதியாகத் தோன்றும். ஆனால் பயிலும் வாயில் அதனால் குறுகும். வருங்காலத்து ஆலோசகரும் குறைவர்.

இக்குறைவு தமிழரையே கூடுதலாகத் தாக்கும். வயிற்று வலியைப் பிறமொழியில் சொல்லிவிடலாம்; உள்ளத்து வலி தாய்மொழியிலேயே வாய்திறக்கும். தமிழில் செவிமடுக்கும் ஆலோசகர் உருவாக வேண்டுமாயின், அவர் தமிழ் நோயாளியின் முன் அமர்ந்து பயிலும் நேரத்திற்கும் பொது நிதி பொறுப்பேற்க வேண்டும். மேற்பார்வை உறுதியாயின், கற்கும் காலமும் சிகிச்சைக் காலமே என்பதைப் பினாங்கும் பெர்லினும் காட்டுகின்றன.