பழவேற்காட்டிலிருந்து பாரிஸ் போன கதை

கடவுள் மாறுவேடத்தில் வந்து மனிதரைச் சோதிக்கும் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. இயற்பகை நாயனாரிடம் மனைவியைக் கேட்டவரும், சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டவரும் வேடம் பூண்ட சிவபெருமானே. அப்படி ஒரு கதை நம் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிப் போனது பலருக்கும் தெரியாது.

1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1630களில் அங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணர் போர்த்துகீசிய மொழியில் சொன்னவற்றைக் கேட்டு அவர் எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1651இல் லெய்டன் நகரில் அது நூலாக வந்தது. 1670இல் பிரெஞ்சிலும் வெளியானது. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு, ஓய்வுபெற்ற பின் இதைப் படிக்க உதவியது.

கதை சிறியது. தேவேந்திரன் மனித உருவில் ஒரு விலைமகளிடம் போகிறான். இரவில் இறந்தவன்போல் கிடக்கிறான். அவன் உன் கணவன் அல்லவே என்று உறவினர் தடுத்தும் கேளாமல், அவள் உடன்கட்டை ஏறத் தீ மூட்டச் சொல்கிறாள். குதிக்கப்போகும் நேரத்தில் அவன் எழுந்து, உன்னைச் சோதித்தேன் என்று சொல்லித் தேவலோகத்துக்கு அழைத்துப்போகிறான்.

1797இல் ஜெர்மன் கவிஞர் கதே இதே கதையைப் பாடினார். அவர் பாட்டில் இந்திரன் இல்லை, மகாதேவன் வருகிறார். அந்தப் பெண் தீயில் குதித்தே விடுகிறாள். 1830இல் பாரிஸ் ஒப்பெராவில் அது பாட்டும் நடனமுமாக அரங்கேறியது. பெயரும் முடிவும் மாறின. வேடம், சோதனை, வெளிப்படுதல் என்ற மூன்று படிகள் மட்டும் மாறவில்லை.

சினிமாவும் அதே வழியில்தான் போனது. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் சிவாஜி மீனவராக வருவார். அவர் யாரென்று கொட்டகைக்கே தெரியும், கதையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. இன்று பேரன் கைபேசியில் காட்டும் வீடியோக்களில் பணக்காரர் பிச்சைக்காரராக வந்து ஏழைக் கடைக்காரரைச் சோதிக்கிறார். கடைசியில் கேமரா இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் பணக்கட்டை நீட்டுகிறார்.

இந்த அமைப்பில் ஒரு தந்திரம் உண்டு. ரகசியம் நமக்கு முன்பே தெரிவதால், நம்மை அறியாமலே சோதிப்பவர் பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம். சோதிக்கப்படுபவரின் பதற்றம் நமக்கு வேடிக்கையாகிவிடுகிறது. அதோடு, சோதிப்பவர் எப்போதும் பெரியவர், சோதிக்கப்படுபவர் எளியவர். அந்த விலைமகள் இந்திரனைச் சோதித்ததாக எந்தக் கதையும் கிடையாது.

இந்தக் கதையை ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"செத்த மாதிரி கெடந்து பாத்தாரா? நல்லா இருக்கே சார்! எங்க ஆளுங்கள கடலு கொண்டு போனா, சும்மா பாத்தேன்னு எழுந்து வருவாங்களா?"

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கதையைச் சொன்னவர்கள் பலர். நான் படித்தவரை, தீயின் முன்னால் நின்ற பெண்ணின் பக்கமிருந்து ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால், பணம் கொடுப்பவரை விட்டுவிட்டு வாங்குபவரின் முகத்தைப் பாருங்கள். நாம் இன்னும் கேட்காத கதை அங்கேதான் இருக்கிறது.