ஒரு காசு காட்டிய மன்னன்

சரித்திரச் சான்று என்றதும் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும்தான் நினைவுக்கு வரும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக் காசு ஒன்று, ஏட்டில் எங்குமே இல்லாத ஒரு மன்னனைக் கொண்டுவந்து நிறுத்திய கதையைப் படித்தபோது எனக்கு வியப்பு தாளவில்லை. அதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

2011 செப்டம்பரில் இங்கிலாந்தின் லங்காஷயரில், சில்வர்டேல் என்ற ஊருக்கு அருகே, ஒருவர் பொழுதுபோக்காக உலோகம் கண்டறியும் கருவியுடன் வயலில் நடந்துகொண்டிருந்தார். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டியபோது ஈயத்தகட்டுப் பொதி ஒன்று கிடைத்தது. எடுத்ததும் அதிலிருந்து வெள்ளி கொட்டியது. கைவளைகள், வெள்ளிக் கட்டிகள், வெட்டிய துண்டுகள் என 200க்கு மேற்பட்ட பொருட்கள். அவற்றில் நாணயங்கள் 27. ஆங்கிலேய மன்னர் ஆல்பிரெட்டின் காசுகளும் அரபு திர்ஹங்களும் அதில் கலந்திருந்தன. ஏறத்தாழ கி.பி. 900-ஐ ஒட்டி யாரோ ஒரு வைக்கிங் புதைத்து வைத்த செல்வம் அது.

அதில் ஒரு காசு மட்டும் அறிஞர்களுக்குப் புதிராக இருந்தது. ஒரு பக்கத்தில் 'ஐர்டெகொனுட்' என்று லத்தீன் எழுத்துகள். இந்தப் பெயருள்ள மன்னனை அக்கால ஆங்கிலேய வரலாற்றேடு எதுவும் குறிப்பிடவில்லை. வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. டேனிஷ் பெயரான 'ஹார்த்தக்னூட்' என்பதை அச்சு வெட்டியவர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்! வடக்கே ஆபீஸ் ரிஜிஸ்தரில் நம் கோமதி 'கோம்தி' ஆகிவிடுவதை அறிந்த நமக்கு இது புரியாததல்ல.

பெயர் தெரிந்தது, ஊர்? அதற்குக் காசின் அமைப்பே விடை சொன்னது. 1840-ல் அதே லங்காஷயரில், குவெர்டேல் என்ற இடத்தில் ஆற்றங்கரையைச் செப்பனிட்ட தொழிலாளர்கள் சுமார் 40 கிலோ வெள்ளிப் புதையலைக் கண்டெடுத்தார்கள். அதில் யார்க் நகரத்து வைக்கிங் மன்னர்களான சீஃப்ரெட், க்னூட் ஆகியோரின் காசுகள் ஏராளம். புதிய காசு அவற்றின் சாயலிலேயே இருந்தது. ஆகவே இவனும் வட இங்கிலாந்தில், ஏறத்தாழ அதே காலத்தில் ஆண்டவன் என்று முடிவு செய்தார்கள். மறுபக்கத்தில் 'பிரபு, அரசன்' என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் சிலுவை வடிவில் அமைந்திருந்தன. கொள்ளையடிக்க வந்தவர்கள் குடியேறிய ஒன்றிரண்டு தலைமுறைக்குள் கிறிஸ்தவத்தைத் தழுவிவிட்டார்கள் என்பதற்கு அது சாட்சி.

இத்தனையும் தெரியவந்தது எதனால்? கண்டெடுத்தவர் அதை முறைப்படி தெரிவித்ததால்தான். அந்நாட்டின் 1996-ஆம் வருடச் சட்டப்படி, புதையலை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்கினால் அந்த விலை, சன்மானமாகக் கண்டவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் போகும். சில்வர்டேல் புதையலை லங்காஷயர் அருங்காட்சியகத் துறை வாங்கியது.

மாறாக, 2015-ல் லெமின்ஸ்டர் அருகே சுமார் 300 காசுகள் இருந்ததாகக் கருதப்படும் வைக்கிங் புதையலைக் கண்ட இருவர், அதை மறைத்து விற்கப் பார்த்தார்கள். 2019-ல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் காசுகளில் பெரும்பகுதி மீட்கப்படவில்லை. அவற்றில் எத்தனை மன்னர்களின் கதை போயிற்றோ!

நம் நாட்டிலும் 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கும் காசு பத்தர் கடையில் உருகிப்போனால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? எடைக்குக் கிடைக்கும் பணம் செலவாகிவிடும். அதில் பொறித்த பெயர் திரும்ப வராது.

அன்பர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு வேண்டுகோள். மண்ணிலிருந்து பழைய காசு கிடைத்தால், பளபளக்க வேண்டும் என்று புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து அழிந்துவிடும். கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு உரியவரிடம் ஒப்படையுங்கள். ஆயிரம் வருடமாக மண்ணுக்குள் காத்திருந்த ஒரு பெயர் உங்கள் கையால் வெளிச்சத்துக்கு வரட்டும்.