களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கது எது?

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டி வந்த இளைஞர் ஒருவர், “ஐயா, விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியத்தில் நம் சங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் ஏற்பார்களா?” என்று நம்மிடம் வினவினார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தும் ஆசிரியன் நடுநிலை தவறக்கூடும். ஆகவே, நமக்கு எவ்வகை உறவும் இல்லாத வேறொரு சிறு சங்கத்தை முதலில் நிறுத்துப் பார்த்து, பின்னர் அதே தராசில் நம்மையும் நிறுத்துவதே முறை எனக் கருதினோம். அதற்கு ஏற்றதாக அமைந்தது, அமெரிக்க நாட்டுக் கிறித்தவ வீட்டுப் பள்ளிக் குழுக்களின் வரலாறு.

வீட்டுப் பள்ளி தோன்றிய வரலாறு

பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்னும் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக 1852-இல் இயற்றியது மாசசூசெட்ஸ். 1918-இல் மிசிசிப்பியும் அதனை ஏற்றபின், அந்நாளில் அச்சட்டம் இல்லாத மாநிலமே இல்லை என்றாயிற்று. ஆயினும், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்பிய பெற்றோரும் இருந்தனர். ஜான் ஹோல்ட் என்னும் கல்வியாளர் அத்தகையோர்க்காக 1977-இல் ஓர் இதழைத் தொடங்கினார். தம் சமய நெறியிலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என்று எண்ணிய கிறித்தவக் குடும்பங்கள் பின்னர்ப் பெருந்தொகையாக இவ்வழியை மேற்கொண்டன. அவர்களுக்காக நீதிமன்றங்களில் வாதாட 1983-இல் வீட்டுப் பள்ளிச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுவதாயிற்று.

இக்குடும்பங்கள் ஊர்தோறும் சிறு குழுக்களாகக் கூடுவதுண்டு. வாரத்தில் ஒரு நாள் தேவாலயக் கூடத்தில் பிள்ளைகளை ஒன்று சேர்ப்பர். ஒரு தாய் அறிவியல் கற்பிப்பார். வேறொருவர் இசை கற்பிப்பார்.

பள்ளிக்கூட வாயில் நமக்குத் திறவாதா என்று ஏங்கி நின்ற மரபினர் நாம். பள்ளியே வேண்டா என்று வெளியேறுவோரைக் காணின் நமக்கு வியப்பு உண்டாகும். எனினும், நம் கொள்கை வேறு என்பதற்காக அவர்தம் வரலாற்றுக்கு இடம் மறுத்தல் நேர்மையாகாது. இடம் உண்டா இல்லையா என்பதைப் பொதுவான ஓர் அளவுகோலே முடிவு செய்தல் வேண்டும்.

களஞ்சியத்தின் அளவுகோல்

அச்சிட்ட களஞ்சியங்களுக்குப் பக்க எல்லை உண்டு. நம் தமிழில் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதை அறிஞர் குழு முடிவு செய்தது.

2001-இல் தோன்றிய விக்கிப்பீடியாவுக்கு அத்தகைய பக்க எல்லை இல்லை; எவரும் எழுதலாம். ஆயினும் அங்கும் ஒரு விதி உண்டு. ஒரு சங்கத்தைப் பற்றி அச்சங்கத்தோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க பிறர், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், விரிவாக எழுதியிருத்தல் வேண்டும். சங்கத்தார் தாமே வெளியிட்ட அறிக்கையும், நாளிதழில் வந்த ஒருவரி நிகழ்ச்சிக் குறிப்பும் போதா. ஐயம் எழுமாயின் ஆங்கில விக்கிப்பீடியாவில் வழக்கமாக ஏழு நாள் விவாதம் நடைபெறும். அங்கே தலைகளை எண்ணி முடிவு செய்வதில்லை. காரணங்களின் வலிமையையே நோக்குவர். வைத்திருத்தல், நீக்குதல், வேறொரு கட்டுரையோடு இணைத்தல் ஆகியவற்றுள் ஒன்று முடிவாகும்.

இவ்விதிப்படி, முப்பது குடும்பங்கள் கொண்ட வீட்டுப் பள்ளிக் குழு ஒன்று வந்து இடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உறுப்பினர் நல்லவர்கள். பிள்ளைகள் நன்கு பயில்கின்றனர். பல ஆண்டுகளாகக் குழு நடைபெறுகின்றது. ஆனால் அதைப் பற்றி வெளியார் எவரும் எழுதவில்லை. அப்படியாயின் தனிக் கட்டுரைக்கு அது தகுதி பெறாது என்பதே நம் தீர்ப்பு. நல்ல ஆதாரம் இருப்பின் வீட்டுக் கல்வி பற்றிய கட்டுரையில் ஒரு வரி பெறலாம். குழு சிறியது என்பதும் கிறித்தவக் குழு என்பதும் இதற்குக் காரணமல்ல. சரிபார்க்கத்தக்க சான்று இல்லை என்பதே காரணம். அதே குழு ஒரு பெரிய வழக்கின் நடுவே நின்று, நாளிதழ்களும் ஆய்வாளரும் அதனை ஆராய்ந்து எழுதியிருப்பின், முப்பது குடும்பமாயினும் இடம் உண்டு.

அளவுகோலின் குறை

அளவுகோல் நேர்மையானதே. ஆயினும் அது தகுதியை அளப்பதில்லை. தகுதியைப் பற்றிப் பிறர் எழுதியதையே அளக்கின்றது. எழுதுகோல் எவர் கையில் இருந்ததோ அவர் கண்ணில் பட்டதே ஏட்டில் ஏறிற்று. 1768 முதல் 1771 வரை எடின்பரோவில் வெளிவந்த பிரித்தானியக் களஞ்சியத்தின் முதற் பதிப்பு, குதிரையின் நோய்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பெண் என்னும் சொல்லுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது.

அண்மைக் காலத்திலும் இந்நிலை முற்றும் மாறவில்லை. டோனா ஸ்டிரிக்லண்டு என்னும் கனடிய அறிவியலாளரைப் பற்றி எழுதப்பட்ட வரைவு, பிறர் எழுதிய சான்று போதவில்லை என்று 2018 மே மாதம் விக்கிப்பீடியாவில் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பின்னரே அவருக்குத் தனிக் கட்டுரை அமைந்தது. அவர்தம் அறிவு மே மாதத்திலும் அதுவேதான். பிறர் எழுதியதே மாறிற்று.

நம் வரலாற்றிலும் இதனைக் காணலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை நடத்தினார். அதன்பின் பல்லாண்டுக் காலம் பொது வரலாற்று நூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்பட்டது. பழைய இதழ்களைக் கரையானுக்கு இரையாக்காமல் போற்றி வைத்திருந்தார் சிலர். அதனாலேயே 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவர முடிந்தது. அதன்பின் ஆய்வுகள் பெருகின. ஏடு பிழைத்தமையால் வரலாறு பிழைத்தது.

நாம் செய்ய வேண்டுவன

இனி நம் சங்கத்தைத் தராசில் நிறுத்துவோம். இன்றைய நிலையில் நமக்கும் தனிக் கட்டுரை கிடையாது. முப்பது குடும்பக் குழுவுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று கூறுதல் தகாது.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. இம்மலருக்காக நம் முதல் மூன்று ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்பேட்டைத் தேடினோம், கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கொளியில் நடந்த இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேடும் இல்லை. நம்மைப் பற்றிப் பிறர் எழுதவில்லை என்பது ஒரு குறை. நம் ஏட்டை நாமே காக்கவில்லை என்பது பெருங்குறை. முன்னதற்குப் பிறரும் பொறுப்பாவர். பின்னதற்கு நாமே பொறுப்பு.

இளைஞர்களே! சங்கத்தின் குறிப்பேடுகளையும் துண்டறிக்கைகளையும் படியெடுத்து ஒரு படியை நூலகத்தில் ஒப்படையுங்கள். புகைப்படத்தின் பின்புறம் ஊரும் பெயரும் நாளும் எழுதுங்கள். முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். ஆய்வு மாணவர்களை அழைத்து நம் ஏடுகளைத் திறந்து காட்டுங்கள். நம் குறைகளையும் அவர்கள் எழுதட்டும். நம்மைப் பற்றி நாமே களஞ்சியத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டா. போதிய சான்றுகள் உள்ள நம் முன்னோரைப் பற்றி, 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் பிழையற எழுதுங்கள்.

வினாவிய இளைஞருக்கு நம் விடை இதுவே: தம்பி, இன்று ஏற்கமாட்டார்கள். பொன் விழா மலரில் இதே வினாவை எழுப்புவோர்க்கு வேறு விடை கிடைக்குமா என்பது, நீங்கள் இன்று எந்தப் பெட்டியில் எந்த ஏட்டைப் பூட்டி வைக்கின்றீர்கள் என்பதைப் பொறுத்தது.