குளத்தை அளந்த கோல்

ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குளம் என்பது விளக்கம் வேண்டாத சொல். கடலுள் ஆழ்ந்த நிலமகளை மீட்டெடுத்த வராகப் பெருமானின் பெயரால் வழங்கும் இவ்வூரில், கோயிலையொட்டிப் பரந்து கிடக்கும் குளம் கேரளத்தின் பெரிய கோயிற் குளங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோர், வீடு பார்க்குமுன் குளத்தைப் பார்த்தவர்கள். நீரின் நலத்தை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? நீருக்குள் எத்தனை படி தெளிவாகத் தெரிகிறது என்று எண்ணினர். கையில் அள்ளி முகர்ந்தனர். மீன் துள்ளுகிறதா என்று நோக்கினர். கண், மூக்கு, மீன் ஆகிய இம்மூன்றே அவர்தம் அளவுகோல்கள். பின்னர் வந்த அறிவியல் இம்மூன்றையும் தள்ளிவிட்டதா, வேறு பெயரிட்டு ஏற்றுக்கொண்டதா என்பதை இம்மலர் படிக்கும் அன்பர்களோடு சிறிது ஆராய விரும்புகிறோம்.

மூக்கை நம்பியது நம்மவர் மட்டுமன்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு ஆற்றின் நாற்றம் தாங்க மாட்டாமல், இலண்டன் பாராளுமன்றத்தார் தம் சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டனர். நாற்றம் மன்றத்துக்குள் புகுந்த பின்னரே கழிவுநீர்க் கால்வாய்களுக்குப் பணம் பிறந்தது. எனினும் மூக்கு காலந்தாழ்த்திச் சொல்லும் சாட்சி. ஆறு நாறத் தொடங்கும்போது அதன் மீன்கள் முன்னமே மடிந்திருக்கும்.

அதற்கு முன்பே உண்மையை உரைக்கும் முறை ஒன்றை 1888இல் அங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் லாயோஷ் விங்க்லர் வெளியிட்டார். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எண்ணிச் சொல்லும் முறை அது. காற்றுக் குமிழி புகாதபடி ஒரு புட்டியில் நீரை நிரப்பி, அதில் மாங்கனீசு உப்பையும், அயோடைடு கலந்த காரத்தையும் சில துளி விடவேண்டும். நீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பு நிற வண்டல் இறங்கும். இல்லையேல் வெள்ளை வண்டல். அமிலம் சேர்த்தால் பழுப்பு கரைந்து அயோடின் பிரியும். கஞ்சிப் பசை விட, நீர் நீலமாகும். பிறகு தயோசல்பேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, நீலம் மறையும் கணத்தில் நிறுத்த வேண்டும். எத்தனை துளி சென்றது என்பதே கணக்கு. பால் பொங்கும் தறுவாயில் அடுப்பை அணைக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இக்கலை எளிதில் கைவரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. மின்கருவிகள் பல வந்துவிட்ட இன்றும், அக்கருவிகளின் மெய்ம்மையைச் சோதிக்க விங்க்லரின் புட்டியையே நாடுகின்றனர்.

இங்கே நம்மவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. நீர் சூடேறச் சூடேற, பிராணவாயுவைத் தாங்கும் ஆற்றல் குறையும். உறைநிலைக்கு அருகிலுள்ள நன்னீர் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் தாங்கும். 20 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 9.1, 30 பாகையில் 7.6 மட்டுமே. மீனுக்குக் குறைந்த அளவு 4, நீராடும் துறைக்கு 5 என்று நம் நாட்டில் வகுத்துள்ளனர். குளிர்நாட்டு ஏரிக்குக் கையிருப்பு மிகுதி; நம் குளத்துக்கோ, எவ்வித அழுக்கும் சேராதபோதே கையிருப்பு சிறிது. அங்கே பொறுத்துக்கொள்ளப்படும் பிழை இங்கே பொறுக்கப்படாது.

அடுத்த அளவுகோலும் குளிர்நாட்டிலிருந்தே வந்தது. 1898இல் பிரிட்டனில் அமைந்த கழிவுநீர் அரசாணைக் குழு, 1912இல் தன் எட்டாவது அறிக்கையில் ஒரு சோதனையை வகுத்தது. நீரைப் புட்டியில் அடைத்து, 65 பாரன்ஹீட் வெப்பத்தில் ஐந்து நாள் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று எவ்வளவு பிராணவாயுவைச் செலவழிக்கின்றன என்று காண்பது. அழுக்கு மிகுந்தால் செலவு மிகும். ஐந்து நாள் ஏன்? பிரிட்டானிய ஆறு எதுவும் கடலைச் சேர அதற்கு மேல் நாளெடுப்பதில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்நாட்டு ஆற்றின் நீளமும் அந்நாட்டுக் கோடையின் வெப்பமும் சேர்ந்து, உலகம் முழுவதற்கும் ஒரு கோலாயின.

அதே 1912இல், இந்தியாவில் சுகாதாரத் துறையில் பணியாற்றிய கிளெமெஷா என்பார் வெப்ப நாட்டு நீர்நிலைகளின் கிருமியியல் பற்றித் தனிநூல் எழுதினார். வெயில் காயும் நம் குளங்களில் சிலவகைக் கிருமிகள் விரைந்து மடிகின்றன. வேறு சில நெடுநாள் நிலைக்கின்றன. ஆகவே ஐரோப்பிய எண்ணைக் கொண்டு நம் நீரை மதிப்பிடலாகாது என்பது அவர் வாதம். ஒரே ஆண்டில் கோலும் வந்தது, கோலைப் பற்றிய ஐயமும் வந்தது. கோல் பெற்ற புகழை ஐயம் பெறவில்லை.

நாடு விடுதலை பெற்று 27 ஆண்டுகளுக்குப் பின், 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய வாரியமும் மாநில வாரியங்களும் தோன்றின. குடிப்பது, குளிப்பது, சுத்திகரித்துக் குடிப்பது, மீன் வளர்ப்பது, பாசனம் என்று நீர்நிலைகளை ஐவகையாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் குறித்தனர். மெல்ல மெல்லக் கோலும் நம்முடையதாயிற்று: ஐந்து நாட் சோதனைக்கு ஈடாக, 27 பாகை வெப்பத்தில் மூன்று நாட் சோதனையை இந்தியத் தர நிர்ணயம் 1993இல் ஏற்றது. நம் வெப்பத்தில் கிருமிகள் சுறுசுறுப்பானவை. மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான நீராடுதுறை விதிகள் இம்மூன்று நாட் கணக்கில் 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றன. மனித மலத்தைக் காட்டும் கிருமிகள் 100 மில்லிலிட்டரில் 500க்குள் இருத்தல் நன்று, 2500ஐத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தன.

எண் சரியாயினும் வேளை தவறினால் எண் பொய் சொல்லும். சோப்புத் தூளும் சாக்கடையும் கலந்த குளத்தில் பாசி செழிக்கும். பச்சைப் பாசி பகலெல்லாம் வெயிலில் பிராணவாயுவை உமிழும். நண்பகலில் நீர் மொண்டு சோதித்தால் குளம் ஆரோக்கியத்தின் உச்சியில் நிற்பதாகவே தோன்றும். இரவிலோ அதே பாசி பிராணவாயுவை உண்கிறது. விடியற்கு முன் கையிருப்பு தீர்கிறது. மீன்கள் மேலெழுந்து வாய் பிளப்பதை நம்மிற் பலர் ஏதேனும் ஒரு குளத்தில் கண்டிருப்போம். பத்து மணிக்கு அலுவலகம் திறந்து பதினொரு மணிக்கு நீர் எடுப்போர் இதனைக் காணார். விடியலில் நீராடச் சென்ற பாட்டிமார் கண்டனர்.

ஆற்றுக்கு வருவோம். அகத்தியர் மலைப் பகுதியில் தோன்றும் கரமனை ஆறே அருவிக்கரையில் நம் நகருக்குக் குடிநீர் தருவது. அங்கிருந்து குழாய் வழி நீர் நகரத்துக்கு வந்தது 1933இல். அதே ஆறு நகரைத் தொட்டுத் திருவல்லம் வழியே கடலை நோக்கிச் செல்லும் பகுதியை, மத்திய வாரியம் 2018இல் வெளியிட்ட 351 மாசுற்ற ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் முதல் வரிசையில் வைத்தது. முதல் வரிசை என்றால், நீராடுதுறைக்கு 3 என்ற இடத்தில் 30க்கு மேல். மேலே அருந்துவதும் கீழே அஞ்சுவதும் ஒரே ஆறு.

நகரின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோடு இன்னொரு சான்று. ஆமை இழைந்து சென்ற ஓடை என்பது பெயரின் பொருள்; பெயர் வைத்தவர் ஆமையைக் கண்டிருக்க வேண்டும். 2024 ஜூலையில் இரயில் நிலையத்தடியில் அவ்வோடையின் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் மாண்டார். ஓடை ஆக்குளம் காயலிற் கலந்து, வேளியில் கடலை அணுகுகிறது. அங்கே முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருக்கும் மாதங்கள் உண்டு. இவ்வூரார் 'பொழி' என்பர். பொழி மூடியபோது அளந்தால் தேங்கிய நீர். திறந்தபோது அளந்தால் உப்புநீர். இரண்டில் எது காயல் என்று கேட்டால், இரண்டும் என்பதே விடை. அளந்த நாளைக் குறிக்காத எண்ணைக் காயல் விஷயத்தில் நாம் நம்புவதில்லை.

கடலில் அளவை வேறு. 1865 ஏப்ரலில், போப்பரசரின் கப்பலொன்றிலிருந்து ஆஞ்சலோ செக்கி என்னும் பாதிரியார் வெண்ணிறத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கினார். அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்பதே நீரின் தெளிவுக்கு அளவு. 1960ஐ ஒட்டித் தொடங்கி 1965 வரை நடந்த அனைத்துலக இந்தியப் பெருங்கடல் ஆய்வில் நம் கடற்படையின் கிஸ்த்னா கப்பலும் கலந்துகொண்டது. அதன் பயனாக 1966இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் பிறந்தது. 1999 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட், கடலின் நிறத்தை வானிலிருந்தே கண்டு பாசியின் அளவைச் சொல்லிற்று. நம் காலனிக் குடும்பங்களில் விண்வெளி நிலையத்தில் பணிபுரிவோர் இருப்பின், அவர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் அந்த வான்கண் சொல்வதைச் சரிபார்க்கக் கப்பல் ஏறுவோர் இன்றும் ஒரு வெண்தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகின்றனர். கரையில் நின்று, எத்தனை படி தெரிகிறது என்று எண்ணியவர்கள் செய்ததும் அதுவே.