தரங்கம்பாடிக் கடற்கரைப் பங்களா

தரங்கம்பாடியைப் பற்றி எழுதுவோர் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனியர் பெற்ற உரிமை, டேன்ஸ்பர்க் கோட்டை, 1706-இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு ஆகியவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். 1845-இல் வங்கத்திலிருந்த டேனியக் குடியிருப்பான செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஊர் ஆங்கிலேயரிடம் விலைபோனது. அதற்குப் பிந்தைய கதையைக் கேட்பாரில்லை. ஆனால் கோட்டைக்கு எதிரே, இன்று தங்கும் விடுதியாக நிற்கும் மாடிவீடு அந்தப் பிந்தைய கதைக்கு உரியது. ஆங்கிலேய கலெக்டரின் பங்களா என்றே அது அறியப்படுகிறது. தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் சில ஆண்டுகள் இவ்வூரில் இருந்தது. 1861-இல் ரயில்பாதை நாகப்பட்டினத்துக்குப் போய்விட, தரங்கம்பாடியின் வணிகம் சுருங்கியது. வளம் குன்றிய ஊரில் பழைய வீடுகளை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லை. அவை பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வீட்டின் உயிர் அதன் தாழ்வாரத்தில் இருக்கிறது. கீழும் மேலும் தூண்கள் நிறுத்தி, அறைகளுக்கு முன்னே அகலமாக விட்ட இடம் அது. கிழக்குக் கரையில் காலை வெயில் கடலிலிருந்து நேராக அடிக்கும். பிற்பகலில் மேற்கே திரும்பும். சுவர்மீது வெயில் விழாமல் தாழ்வாரம் தடுத்துவிடுவதால் உள்ளறை சூடேறுவதில்லை. கோடையில் நண்பகலையொட்டி எழும் கடற்காற்று தாழ்வார நிழலைக் கடந்து உயரமான கதவுகள் வழியே உள்ளே வரும். ஐரோப்பியத் தூணைப் பார்த்துவிட்டு இதை ஐரோப்பியக் கட்டடம் என்று சொல்லிவிடுவது எளிது. தூணின் வடிவம் அங்கிருந்து வந்திருக்கலாம். வெயிலைத் தடுக்கும் அறிவு நம் திண்ணைக்கும் கூடத்துக்கும் பழக்கமானதுதான்.

இதைவிட முக்கியம் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த சாந்து இக்கரைக் கொத்தனார்களின் கைவேலை. மேல்தளத்துக்கு இந்த வட்டாரத்தில் மெட்ராஸ் டெரஸ் முறை வழங்கியது: தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது, ஆகவே துருவும் கிடையாது. உப்புக்காற்று அடிக்கும் கரையில் இது சிறிய நன்மையன்று. கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருவேறிப் பருத்துத் தளத்தையே பிளந்துவிடும். சுண்ணாம்புச் சுவரோ ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கும். பழைய வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் பலர் அதைக் கெடுத்தது இப்படித்தான்.

பழைய கட்டடங்களை விடுதிகளாக்கும் நீம்ரானா நிறுவனம் இந்த வீட்டை எடுத்து விடுதியாக்கியது. விடுதியாவதற்கு இதன் அமைப்பு இசைவானது என்பது என் கருத்து. அறைகள் பெரியவை; ஒவ்வொன்றும் தாழ்வாரத்துக்குத் திறப்பவை; அறைக்குப் போக உள்ளே நடைவழி கட்டவேண்டிய தேவை குறைவு. எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. அறைகளுக்கு டேனியக் கப்பல்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் ஆங்கிலேய அதிகாரி குடியிருந்த வீட்டுக்கு இப்படி டேனியச் சட்டை மாட்டினால், தங்க வருபவர் ஊரின் வரலாற்றில் ஒரு பாதியை அறியாமலே திரும்புவார். கப்பல் பெயர் வேண்டுமென்றால் இருக்கட்டும். வாசலில் கலெக்டர் காலத்து வரலாற்றைத் தமிழில் எழுதிய பலகை ஒன்றும் இருக்கலாம்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி இவ்வூரைத் தாக்கியது. மீனவர் குடியிருப்புகள் பேரிழப்பைச் சந்தித்தன. அதன்பின் மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு கோல்ட்ஸ்மித் தெருவில் பழைய வீடுகளைச் சீரமைத்தது. டேனிய ஆளுநர் மாளிகை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய வேலைகளுக்குச் சுண்ணாம்பு அறிந்த கொத்தனார்கள் வேண்டும். அவர்களோ நாளுக்கு நாள் அரிதாகி வருகிறார்கள். எனவே இவ்வூரின் பழைய வீடுகளை வாங்குவோருக்கும் அனுமதி வழங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டட வரைபடத்தில் கையெழுத்திடுமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள், அவரிடம் வேலை கற்க இளைஞர் இருவரையும் கூட அமர்த்துங்கள்.