ஆழம் பிழைத்த கணக்கு

கடலின் வெப்பத்தை அறிய வெப்பமானி ஒன்று போதாதோ என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். போதாது, அளந்த இடத்தின் ஆழமும் தெரிய வேண்டும். ஆழம் பிழைத்ததால் நேர்ந்த ஒரு வரலாற்றையே இன்று கூற வந்தேன்.

ஒவ்வொரு நீரடுக்கின் வெப்பநிலையையும் அதன் தடிப்பால் பெருக்கி, மேலிருந்து கீழ்வரை கூட்டுவது தொகையிடல். கடல் சேர்த்துவைத்த வெப்பத்தை மதிப்பிட இதுவே வழி. ஆழத்தோடு வெப்பநிலை மாறும் வேகத்தைக் காண்பது வகையிடல். இரண்டையும் கணிப்பொறி நொடியில் முடித்துவிடும். நானும் ஒருமுறை முயன்றேன். மேலே பத்து மீட்டர், கீழே நூறு மீட்டர் என்றிருந்த இடைவெளிகளைச் சமமாகக் கொண்டுவிட்டேன். பொறி மறுப்புச் சொல்லவில்லை. பொய்யான விடையை ஒழுங்காக எழுதித் தந்தது.

என் பிழை என்னோடு போயிற்று. 2006 ஆம் ஆண்டு நேர்ந்ததோ உலகறிந்தது. லைமன், வில்லிஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர், 2003 முதல் 2005 வரை உலகக் கடல்களின் மேற்பகுதி, 750 மீட்டர் ஆழம் வரை, விரைந்து குளிர்ந்தது என்று வெளியிட்டனர். ஆனால் கடல்மட்டமோ உயர்ந்துகொண்டிருந்தது. குளிரும் நீர் சுருங்குமே; பின் உயர்வு எங்கிருந்து வந்தது?

மறு ஆண்டே விடை கிடைத்தது. கப்பலிலிருந்து வீசப்படும் எக்ஸ்.பி.டி. என்னும் கருவியில் அழுத்தமானி இல்லை. மெல்லிய கம்பி வழியே வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே அது விழும்; விழுந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பர். கணித்த ஆழம் மெய்யான ஆழத்தினும் மிகுமானால், மேல்நீரின் வெம்மை கீழ்நீரின் கணக்கில் ஏறிவிடும். இவ்வாறு அக்கருவிகள் கடலை வெப்பமாகக் காட்டின. புதிதாக வந்த ஆர்கோ மிதவைகளுள் சிலவற்றிலோ, வெப்பநிலைகள் தவறான அழுத்தங்களோடு இணைக்கப்பட்டிருந்தன. அவை கடலைக் குளிர்ச்சியாகக் காட்டின. பழைய கருவிகளின் பங்கு குறைந்து மிதவைகளின் பங்கு பெருகப் பெருக, கடலே குளிர்வதுபோல் தோன்றியது.

தாங்கள் கண்ட குளிர்ச்சியில் பெரும்பகுதி கருவிகளின் பிழையே என்று அம்மூவரும் 2007 இல் தாமே எழுதினர். வெளியிட்டதைத் திருத்திக்கொள்ளும் அத்துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நேயர்களே, வகையிடலில் ஓர் அளவு பிழைத்தால் அவ்விடத்தில் கோடு துள்ளிக் காட்டிக்கொடுக்கும். தொகையிடலிலோ சிறு பிழைகள் ஓசையின்றிக் கூடி உண்மைபோல் நிற்கும். ஆதலால், கூட்டத் தொடங்குமுன் ஆழங்களை ஒருமுறை சரிபார்ப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.