ஏற்காடு டூர் போறீங்க, டயட்லயும் இருக்கீங்களா? ஹோட்டலில் என்ன ஆர்டர் செய்யலாம், எதில் உஷாரா இருக்கணும்?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குள் நுழைந்தால், குளிரோடு சேர்ந்து பசியும் வந்துவிடும். ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, பகோடா பாயின்ட்டில் பிரெட் ஆம்லெட், மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா, நடுநடுவே காபி. சும்மா போறவங்களுக்கு இது கொண்டாட்டம். ஆனா ரெண்டு மாசமா வாயைக் கட்டி எடையைக் குறைச்சவங்களுக்கு?

பெரும்பாலும் ரெண்டில் ஒன்று நடக்கும். "வந்தது வந்தாச்சு, ஒரு பிடி பிடிப்போம்" என்று இறங்கிவிடுவார்கள். இல்லையென்றால், எல்லோரும் சாப்பிடும்போது வெறும் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். இந்த ரெண்டுமே தேவையில்லை. மலையிலும் வயிறு நிறைய சாப்பிடலாம், எடையையும் காப்பாற்றலாம். எப்படி என்று பார்ப்போம்.

ரெண்டு நாள் டூரில் எடை எவ்வளவு ஏறும்?

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒருவர் டூரில் தினமும் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாலும் ரெண்டு நாளில் 2,000 கலோரிதான். கொழுப்பாகக் கணக்கிட்டால் கால் கிலோ அளவு.

அப்போ வீட்டுக்கு வந்ததும் எடை மெஷின் ஒன்றரை கிலோ கூட காட்டுதே, ஏன்? ஹோட்டல் சாப்பாட்டில் உப்பு அதிகம். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அரிசி, மைதா அதிகமாகச் சாப்பிட்டாலும் உடம்பு அதைச் சேமிக்கும்போது கூடவே தண்ணீரையும் சேர்த்து வைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் இந்தத் தண்ணீர் எடை இறங்கிவிடும்.

ஆக, ஒரு டூர் பெரிய பிரச்னை இல்லை. வாரம் தவறாமல் நடந்தால்தான் சிக்கல். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் 2,500 கலோரி மிச்சம். சனி, ஞாயிறு வெளியே போய் தலா 1,000 கூடினால் 2,000 போச்சு. கையில் நிற்பது 500 மட்டும். "நானும் டயட்லதான் இருக்கேன், எடையே குறைய மாட்டேங்குது" என்று சொல்பவர்களில் பலருக்கு இந்தக் கணக்குதான் இடிக்கும்.

கிளியூர் அருவி ஏறி இறங்கினா சரியாயிடுமா?

ஏற்காடு ஏரியில் இருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் சுமார் 300 அடி உயரத்தில் இருந்து அருவியாக விழுகிறது. அதைப் பார்க்க படிகளில் கீழே இறங்கி, திரும்ப மூச்சு வாங்க மேலே ஏறி வர வேண்டும். ஏறி வந்ததும் "இவ்வளவு கஷ்டப்பட்டாச்சு, இனி என்ன சாப்பிட்டாலும் கரைஞ்சிடும்" என்ற நினைப்பு தானாக வரும்.

கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 70 கிலோ எடை உள்ள ஒருவர் 15 நிமிடம் படி ஏறினால் சுமார் 140 கலோரி செலவாகும். இறங்குவதற்கு ஒரு 60 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 200 கலோரி. எண்ணெயில் போட்டு எடுத்த ஒரு பிளேட் பஜ்ஜி இதை எளிதாகத் தாண்டிவிடும்.

அதனால் அருவிக்கு நடக்காதீர்கள் என்று அர்த்தமில்லை. இதயத்துக்கும் தசைக்கும் நடை நல்லது. அதைச் சாப்பாட்டுக்கான அனுமதிச் சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

மெனு கார்டில் கலோரி போடணும்னு சட்டம் இருக்கே?

இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது கட்டாயம். சுறுசுறுப்பான ஒரு வயது வந்தவருக்குச் சராசரியாக நாளைக்கு 2,000 கலோரி தேவை என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும்.

பெரிய பீட்சா, பர்கர் செயின் கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்காட்டில் நாம் சாப்பிடுவது மெஸ், சின்ன ஹோட்டல், தள்ளுவண்டிக் கடைகளில். அவை இந்த விதிக்குள் வராது. அங்கே மனக்கணக்குதான் கை கொடுக்கும். நாலு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்.

- ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய்: சுமார் 120 கலோரி
- ஒரு கப் வெந்த சாதம்: சுமார் 200 கலோரி
- ஒரு டீஸ்பூன் சர்க்கரை: சுமார் 20 கலோரி
- ஒரு முட்டை: சுமார் 70 முதல் 75 கலோரி

இதில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவது எண்ணெய். ஒரே மாவுதான், கல் தோசையாக வந்தால் ஒரு கணக்கு, நெய் ரோஸ்ட்டாக வந்தால் வேறு கணக்கு. மாவு பிசையும்போதும், வீசும்போதும், கல்லில் போடும்போதும் எண்ணெய் குடிப்பது பரோட்டா. மேலே ஊற்றும் சால்னாவில் மிதப்பது தனி.

காலையில் இருந்து ராத்திரி வரை: என்ன சாப்பிடலாம்?

காலை: மலை ஏறும்போது வாந்தி வரும் என்று பலர் வெறும் வயிற்றோடு கிளம்புவார்கள். மேலே போய்ச் சேரும்போது அகோரப் பசி இருக்கும். அந்தப் பசியில்தான் பூரி செட்டும் வடையும் சேர்ந்து வரும். கிளம்பும் முன் ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் பஃபேயில் தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். இட்லி, சாம்பார், அவித்த முட்டை, பழம் என்று ஆரம்பித்தால் மீதிக்கு வயிற்றில் இடம் குறைவாகத்தான் இருக்கும்.

மதியம்: "அளவு சாப்பாடு" இருந்தால் அதையே கேளுங்கள். ஃபுல் மீல்ஸ்தான் என்றால், நம்மில் பலர் மறக்கும் ஒரு விஷயம் உண்டு. சாதம் மட்டுமல்ல, பொரியல், கூட்டு, ரசம் எல்லாமே திரும்ப வைப்பார்கள். சாதத்தை ஒரு முறையோடு நிறுத்தி, பொரியலை ரெண்டாவது முறை கேட்டு வாங்குங்கள். நாள் முழுவதும் சாப்பிடும் உணவில் பாதி காய்கறி, பழமாக இருக்கட்டும் என்பதுதான் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும்.

முதலில் காய், முட்டை அல்லது கறி, அப்புறம் சாதம் என்ற வரிசையும் உதவும். 2015-ல் அமெரிக்காவின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வில், காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டபோது சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைந்தது. அதில் பங்கேற்றது 11 பேர் மட்டுமே. சின்ன ஆய்வுதான், ஆனாலும் செய்து பார்க்கச் செலவில்லாத யோசனை.

பிரியாணி சாப்பிட்டே ஆகணுமா? சாப்பிடுங்கள். ஃபுல்லை ரெண்டு பேர் பகிர்ந்து, கூடவே ஒரு அவித்த முட்டையும் தயிர் வெங்காயமும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கன் 65-ஐ விட கிரில் அல்லது தந்தூரி சிக்கனில் எண்ணெய் குறைவு.

சாயங்காலம்: பஜ்ஜி சாப்பிடவே கூடாதா என்றால், ஒன்று ரெண்டு சாப்பிடலாம். பிளேட்டை ஆளுக்கு ஒன்று வாங்காமல் நாலு பேருக்கு ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் கெடுதலான கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் இருந்தே இருக்கிறது.

மலைப் பழங்கள் நல்ல தேர்வு. கொய்யா, ஆரஞ்சு, பேரிக்காயை முழுப் பழமாகச் சாப்பிடுங்கள். பட்டர் ஃப்ரூட் சத்தானது, ஆனால் 100 கிராமில் சுமார் 160 கலோரி. அதில் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஜூஸ் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்குக்கே வந்துவிடும்.

காபி: சேர்வராயன் மலையே காபித் தோட்டங்களுக்குப் பேர் போனது. 19-ம் நூற்றாண்டிலேயே இங்கே பயிரிட ஆரம்பித்துவிட்டார்கள். குடிக்காமல் வர முடியாது. குளிருக்கு அஞ்சு காபி, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு நாளைக்குச் சுமார் 25 கிராம். "வித்தவுட்" என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவதும் நல்லது. இல்லையென்றால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவு: பரோட்டா பிரியர்கள் ஒன்றோடு நிறுத்தி, கூட ஒரு கலக்கி அல்லது ஆம்லெட் சேர்த்துக்கொள்ளலாம். புரதம் சேர்ந்தால் பசி சீக்கிரம் அடங்கும். இடியாப்பம், இட்லி, கல் தோசை, சப்பாத்தி இருந்தால் இன்னும் வசதி. மது அருந்துபவர்களுக்கு ஒரு தகவல்: ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி உண்டு. கூட வரும் வறுவல் கணக்கு தனி.

சர்வர்கிட்ட எப்படிச் சொல்றது?

கேட்கக் கூச்சப்பட்டே பலர் வந்ததைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். சின்ன ஹோட்டலில் ஒரு வசதி, ஆர்டருக்கு அப்புறம்தான் கல்லில் ஊற்றுவார்கள். சொன்னால் செய்வார்கள்.

- "அண்ணா, தோசைக்கு எண்ணெய் கம்மியா ஊத்தச் சொல்லுங்க."
- "சாதம் பாதி போதும்ணா, பொரியல் இன்னொரு தடவ வைங்க."
- "சால்னா தனியா கிண்ணத்துல கொடுங்க."
- "மீதிய பார்சல் பண்ணிடுங்க."

கூட வந்தவர்கள் "ஒரு நாள்தானே, சாப்பிடு" என்று தட்டில் வைப்பார்கள். சண்டை போட வேண்டாம். முதல் ஆளாக நீங்களே ஆர்டர் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் சொன்ன பிறகு மனசு மாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

எடை குறைக்கிறேன் என்று சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு அருவிக்கு இறங்குவது இவர்களுக்கு ஆபத்து. இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் படி ஏறி இறங்கினால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். வியர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். ஏறிய களைப்பு என்று நினைத்து விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

உடனே உட்கார்ந்து 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் எடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். குளுக்கோஸ் பாக்கெட்டை அறையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டூருக்கு முன் மருந்து அளவு பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஏன் இவ்வளவு கவனம்?

ஐசிஎம்ஆர் மற்றும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் வயது வந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பகுதியில் பருமன் இருப்பதாக அது சொல்கிறது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினாலே சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது. பார்க்க ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் இருப்பவர்களும் இதில் அடக்கம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு?

மறுநாளே எடை மெஷினில் ஏறி மனசு உடைய வேண்டாம். மூணு, நாலு நாள் கழித்துப் பாருங்கள். "டூர்ல நிறைய சாப்பிட்டாச்சு" என்று மறுநாள் பட்டினி கிடக்கவும் வேண்டாம். ராத்திரி பசி தாங்காமல் அது இன்னொரு பரோட்டாவில்தான் போய் முடியும். அடுத்த வேளை வழக்கம்போல வீட்டுச் சாப்பாடு, வழக்கமான நடை. அது போதும்.